வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு

பதினெட்டுப் பேர் உட்கார்ந்து பேசும் ஒரு அறையில் நானும் இருந்தேன் என்று மற்ற பதினேழு பேரும் சொல்ல வேண்டுமானால், நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? சில மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் பஸ்ஸில் போய் வருகிறேன். பதில் கிடைத்துவிட்டது என்று சில நாள் தோன்றும். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அது பதில் இல்லை என்று தெரிந்துவிடும்.

ஆக்லாந்து நகரத்துக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் இந்த வருடம் முதலாண்டு மாணவி. வயது இருபத்தெட்டு. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஊரில் பி.காம். படித்தேன், அது வீட்டில் எடுத்த முடிவு. எனக்குப் பிடித்தது உயிரியல். திருமணம், கணவருக்கு இங்கே வேலை, விசா, குழந்தை, ரெசிடென்ஸி என்று ஒவ்வொன்றாக முடிந்த பிறகுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வருடம் ஆயத்தப் படிப்பு படித்தேன். மதிப்பெண் நன்றாக வந்ததால் அறிவியலில் ஆனர்ஸ் பிரிவிலேயே இடம் கிடைத்தது. அந்த மின்னஞ்சலை நான் கணவரிடம் உடனே காட்டவில்லை. யாருக்கோ வரவேண்டியது எனக்கு வந்துவிட்டதோ என்று நான்கைந்து முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டினேன்.

ஆனர்ஸ் மாணவர்களை முதலாண்டிலேயே பெரிய வகுப்புகளின் கூட்டத்தில் விட்டுவிடுவதில்லை. பதினெட்டுப் பேரை ஒரு குழுவாக்கி வைக்கிறார்கள். லேர்னிங் கம்யூனிட்டி என்று அதற்குப் பெயர். ஊரில் யாராவது கேட்டால் சேர்ந்து படிக்கிற குழு என்று சொல்லிவைப்பேன். மூன்று பேப்பர்களை, அதாவது மூன்று பாடங்களை, அந்தப் பதினெட்டுப் பேரும் சேர்ந்தே படிக்க வேண்டும். ஐந்தாவது மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை. பழைய சோபாக்கள், ஒரு மைக்ரோவேவ், சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. வியாழக்கிழமை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை கூட்டம். முதல் ஒரு மணி நேரம் யாராவது ஒரு பேராசிரியர் வந்து தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார். ஐந்து மணிக்கு அவர் போய்விடுவார். அதன் பிறகு நாங்களும் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியையும் மட்டும்தான். சாப்பிட்டுக்கொண்டே விவாதம் நடக்கும். உண்மையான கூட்டம் அதுதான்.

வருகைப் பதிவு கிடையாது. வராவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். வருகைப் பதிவு எடுத்து, குறைந்தால் பரீட்சை எழுத விடாத கல்லூரியில் படித்தவள் நான். பதிவு இல்லாத இடம் அதைவிடக் கண்டிப்பானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலாண்டு முடியும்போது அந்தப் பேராசிரியை ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பரிந்துரை தருவார். மதிப்பெண்ணோடு அதுவும் சேர்ந்தால்தான் இரண்டாம் ஆண்டில் ஆனர்ஸ் தொடரும். ஆய்வகத்தில் ஒரு இடமும், கேள்வி கேட்க ஒரு வழிகாட்டியும் கிடைப்பார்கள். இல்லையென்றால் சாதாரணப் பட்டப்படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை, அதுவும் நல்ல படிப்புதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது அந்த ஆய்வகம்.

நாங்கள் இருப்பது த்ரீ கிங்ஸ் என்ற புறநகர்ப் பகுதியில். மகளின் டேகேரும் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். கணவருக்கு ஆல்பனியில் வேலை. துறைமுகப் பாலத்தைத் தாண்டி அவர் வந்து சேர ஆறு மணிக்கு மேலாகிவிடும். அதனால் வியாழக்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே நான் எழுந்துவிடுவேன். பேராசிரியர் கடைசி வரியில் இருப்பார். நான் குனிந்தபடி சுவரோரமாக நடந்து கதவை மெல்லச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

இப்படிப் பாதியில் போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு முழுவதும் இருக்க முடியாதவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். காய் நறுக்கிக் கொடுப்பார்கள், தேங்காய் துருவிக் கொடுப்பார்கள், பூ கட்டிக் கொடுப்பார்கள். முகூர்த்த நேரத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வந்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். வரவில்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும் அதைத்தான் செய்தேன். புதன்கிழமை மாலையே எல்லாம் தயார் செய்து வியாழக்கிழமை எடுத்துப் போவேன். அறையில் ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது. அதனால் கடலை போடாத எலுமிச்சை சாதம். ஒருத்திக்குக் கோதுமை ஆகாது. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால் அவளுக்கென்று தனியாக இட்லி. நான்கு மணிக்கு மற்றவர்கள் உட்காரும்போது நான் பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். டப்பாக்களைத் திறந்து, கரண்டி போட்டு, எது காரம் எது காரமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அடுத்த வாரம் போகும்போது டப்பாக்கள் கழுவித் துடைத்து அலமாரியில் இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் டப்பா கழுவி வைத்திருப்பதைப் பார்த்து, என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

குழுவில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பாபகூராவிலிருந்து ரயிலில் வருவாள். அறைக்குள் எல்லோரையும் போல அவளும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். லிஃப்டுக்குள் வந்து கதவு மூடியதும் அக்கா என்பாள். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் செமஸ்டர் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். இவர் என் சிந்தனைக்கு எப்படி உதவினார் என்பதுதான் கேள்வி. பெயர் போட வேண்டியதில்லை. நான் பதினேழு பேரைப் பற்றியும் நல்லதாகவே எழுதினேன். சிலரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அமைதியானவர், அன்பானவர் என்று எழுதி முடித்தேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஜூலையில் பேராசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். டீ போட்டுக் கொடுத்தார். என் மதிப்பெண்கள் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, உன்னைப் பற்றி யாருமே ஒரு குறை எழுதவில்லை, அதுதான் என் கவலை என்றார். நீ அன்பானவள், எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவருகிறாய், ஒவ்வொருவருக்கும் எது ஆகாது என்று ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தார்களாம். ஒரே ஒரு குறிப்பு வேறு மாதிரி இருந்தது என்று சொல்லி, அதை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். அவர் எங்களுக்குச் சாப்பாடு போடுகிறார், அவர் என்ன நினைக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இவ்வளவுதான் அந்தக் குறிப்பு.

பேராசிரியை கடுமையாக எதுவும் சொல்லவில்லை. இந்தக் குழு எதற்கென்றால், தவறாக நினைப்பதையும் துணிந்து சொல்லிப் பார்ப்பதற்கு. மறுத்துப் பேச ஆள் கிடைப்பதற்கு. உன்னிடமிருந்து அது யாருக்கும் கிடைக்கவில்லை. இந்த நிலையில் ஆனர்ஸுக்குப் பரிந்துரை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது. ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அப்போதும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. டீ கப்பைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்ததா அலுப்பு இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுநாள் பாபகூராப் பெண்ணோடு அவளுடைய ரயில் நிலையம் வரை நடந்தேன், பேராசிரியை படித்துக் காட்டிய குறிப்பை அவளிடம் சொன்னேன்.

“அக்கா, ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது” என்றாள். “அதை எழுதினது நான்தான்.”

“ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யேல்ல. அதுதான் பிரச்சினை.”

நான் டேகேரைச் சொன்னேன், ஐந்தரை மணியைச் சொன்னேன். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் இருக்கிறியள்தானே அக்கா. அப்ப ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். அந்த நேரம் பிளேட் அடுக்கிக்கொண்டு நிக்கிறியள்.”

“நீங்கல்லாம் பசியா இருப்பீங்களேன்னுதான்.”

“அம்மா வேணுமெண்டால் எனக்கு பாபகூராவில ஒராள் இருக்கிறா. ஏழு மணிக்குப் பிறகு ரயிலேறி அவவிட்டத்தான் போறன். இங்கயும் ஒராள் தேவையில்லை.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு தண்ணீர் போத்தல்களைப் பற்றிக் கேட்டாள். ரோஸ்கில் பக்கம் ஓடும் ஒரு ஓடையின் தண்ணீரைத்தான் எங்கள் குழு சோதித்துக்கொண்டிருந்தது. மழைக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் கழிவு வந்து கலக்கும் இடத்துக்கு மேலே கிருமி அதிகமாகவும், கீழே குறைவாகவும், இருக்க வேண்டியதற்குத் தலைகீழாக இருந்தது. எல்லோரும் அதற்கு விதவிதமாகக் காரணம் சொன்னார்கள். எனக்குப் பார்த்ததுமே போத்தல்களில் ஒட்டிய சீட்டு மாறியிருக்கும் என்று பட்டது. ஒட்டியவனை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்கக் கூடாதென்று, பஸ்ஸில் போகும்போது அவனுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட்டேன். அவன் அன்றைக்கு ஐந்து மணிக்குப் பிறகு அதைச் சொல்லியிருக்கிறான். பெரிய விவாதமே நடந்ததாம்.

“அது நீங்கள் கண்டுபிடிச்சது எண்டு எனக்குத் தெரியும். அவன் காட்டினவன். மற்றவைக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். தெரிய வேண்டுமா என்றும் கேட்டேன். அவள் ரயிலுக்குள் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு வியாழக்கிழமை முழுசா இருந்து பாரு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்” என்றார். ஆகஸ்டில் ஒரு நாள் குறித்தோம். அன்றைக்கு நான்கு மணிக்கே ஆல்பனியிலிருந்து கிளம்ப அனுமதி வாங்கினார். டேகேரில் சொல்லி வைத்தேன். மகளிடமும் சொன்னேன், இன்று அப்பா வருவார் என்று. அவள் ஆங்கிலத்தில் சரி என்றாள். இங்கே பிறந்தவள்; நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

அந்த வியாழக்கிழமை நான் சாப்பாடு எதுவும் கொண்டுபோகவில்லை. கை வீசி நடப்பது எப்படியோ இருந்தது. ஓரிருவர் பின்பக்க மேஜையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஐந்து மணி வந்தது. முதல் முறையாக நான் எழவில்லை. அன்றைய விவாதம் அந்த ஓடையைப் பற்றித்தான். புதிதாக எடுத்த மாதிரிகளிலும் கிருமி அதிகம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கே இறங்கி விளையாடுகிறார்கள். இதை இப்போதே அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா, இன்னும் ஒரு முறை சோதித்து உறுதி செய்த பிறகு சொல்ல வேண்டுமா? மாணவர்களின் முடிவை வைத்து ஊரைப் பயமுறுத்தக் கூடாது, காத்திருப்போம் என்றார் பேராசிரியை. பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

நான் இல்லை என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. உறுதி செய்யும்வரை காத்திருப்பது நம் வசதி. அதுவரை தண்ணீரில் இறங்குவது வேறு யாரோ. நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லலாமே என்று ஆரம்பித்தேன். அப்போது சோபாவில் இருந்த என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். டேகேர் எண். மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. கணவர் போய்ச் சேர்ந்திருப்பார், ஜாக்கெட்டை மறந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. பதினேழு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். ஒருவன் மறுத்தான். அவனுக்குப் பதில் சொன்னேன். பாபகூராப் பெண் என் பக்கம் பேசினாள். பிறகு அவளும் ஒரு இடத்தில் என்னோடு முரண்பட்டாள். அதற்கும் பதில் சொன்னேன். போன் மறுபடி அதிர்ந்தது. அது நின்ற பிறகுதான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

கணவரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. காற்று பலமாக இருந்ததால் பாலத்தில் சில தடங்களை மூடிவிட்டார்கள். கணவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நகராத வரிசையில் நின்றிருந்தார். அவசரத்துக்கென்று நாங்கள் எண் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு ஃபிஜி அம்மாவுக்கு அன்றைக்குக் கடையில் மாலை வேலை. வேலை நேரத்தில் போன் அவரிடம் இருக்காது. கணவர் எனக்கும் கூப்பிட்டிருக்கிறார். நான் பேசிக்கொண்டிருந்தபோது வந்த இரண்டாவது அழைப்பு அவருடையது.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. ஒரு டீச்சர் மட்டும் கோட் போட்டபடி காத்திருந்தார். மகள் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் கழுத்துவரை மூடியிருந்தது, முதுகில் பை, காலில் ஷூ. பேண்ட் நனைந்திருந்தது. மாற்றிவிட டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அப்பா வந்துவிடுவார் என்று சொல்லி எழுந்திருக்க மறுத்துவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை, அழவும் இல்லை. நாளைக்கு ஆகிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, இன்னும் இன்றைக்குத்தான் என்றேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

கணவர் வந்ததும், “லேன மூடிட்டா நான் என்ன பண்ண முடியும்?” என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நீ ஏன் போன எடுக்கல?” என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் டேகேர் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கே குழந்தைகள் உள்ளே நுழைந்ததும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, குளிர்காலத்தில்கூட வெறுங்காலோடு மணலிலும் புல்லிலும் ஓடிக்கொண்டிருப்பார்கள். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். இப்போது அவள் ஷூவைக் கழற்றுவதில்லையாம். ஜாக்கெட்டையும் கழற்றுவதில்லை. மணலுக்குப் போவதில்லை. மதியத் தூக்கத்துக்குப் படுக்கும்போதும் ஷூவோடுதான் படுக்கிறாள். எழுந்ததிலிருந்து வாசல் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், யாரோடும் சண்டை இல்லை. பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டீச்சர் சொன்னார். எப்போது என்று நான் கேட்டேன். அதை அவரால் சொல்ல முடியவில்லை. மூன்று வாரமாகிறது. இன்னும் அப்படித்தான் இருக்கிறாள். வீட்டில் அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதே வாரம் பேராசிரியை என்னை வழியில் நிறுத்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் இதற்குத்தான் காத்திருந்தோம் என்றார். நான் சொன்னதை வைத்து, ஓடைக்கரையில் ஒரு அறிவிப்பு வைக்கச் சொல்லி நகர கவுன்சிலுக்கு எழுதப் போகிறார்களாம். மீதியிருக்கும் வாரங்களிலும் இப்படியே இருந்தால் பரிந்துரை எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை என்றார். நான்கிலிருந்து ஐந்து வரை இருந்து அந்த நேரத்தில் பேசினால் போதாதா என்று கேட்டேன். அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் விருந்தாளிக்கு. மற்றவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதெல்லாம் அதன் பிறகுதான். நேரத்தை மாற்ற முன்பே முயன்றிருக்கிறார்கள். பகலில் எல்லோருக்கும் ஆய்வக வகுப்புகள், ஒத்துவரவில்லை.

குழந்தையை அழைத்து வாயேன் என்றும் சொன்னார். அதையும் செய்து பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை மகளை மதியமே கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள். கலர் பென்சில் கொடுத்தார்கள், வெள்ளைப் பலகையின் கீழ்ப்பகுதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் என் மடியைவிட்டு இறங்கவில்லை. அவள் ஷூ என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஒரு குழந்தை இருக்கும் இடத்தில் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில் பாபகூராப் பெண், “பாவம் அக்கா பிள்ளை. ஆனா இண்டைக்கு நீங்கள் வரேல்ல” என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. கோபமும் வந்தது. பதினெட்டு வயதில் அவளுக்கு எல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இப்போது செமஸ்டர் நடுவில் இரண்டு வார விடுமுறை. அது முடிவதற்குள் பேராசிரியைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கணவர் வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுப் பார்த்தார். புது மேனேஜர், இந்த வருடம் முடியட்டும் என்றுவிட்டார். பக்கத்து வீட்டு ஃபிஜி அம்மாவுக்கு அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை மதியத்தோடு வேலை முடிகிறது. நான் கூட்டிட்டு வந்து வச்சிக்கிறேன், நீ போம்மா என்று அவராகவே சொன்னார். நல்லவர். ஆனால் மகளுக்கு அவரை வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் பழக்கம். இப்போது அப்பா வருவார் என்று சொல்லி அனுப்பினால்கூட நம்பாத குழந்தையை, வாரம் ஒரு நாள் அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் இன்னொருவர் வந்து கூட்டிப் போனால் அது அவளை ஆற்றுமா, இன்னும் கெடுக்குமா? மீதியிருப்பது சில வாரங்கள்தான் என்கிறது ஒரு மனது. மூன்று வயதுக்குச் சில வாரம் எவ்வளவு நீளம் என்கிறது இன்னொன்று. சாதாரணப் படிப்புக்கு மாறிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். பிற்பாடு மகள் பெரியவளாகி, எனக்காகத்தான் விட்டாயா என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதற்கும் பயப்படுகிறேன். அவள் கேட்காமலே இருந்துவிட்டால், நான் சொல்லிக் காட்டுகிறவளாக ஆகிவிடுவேனோ என்று அதைவிடப் பயப்படுகிறேன்.

கணவரிடம் கேட்டால், “நீ எது சொன்னாலும் சரி” என்கிறார். அம்மாவிடம் போனில் கேட்டேன். படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை; குழந்தை மெலிந்துவிட்டாளா என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிப்பவர்களில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவர்கள் இருப்பீர்கள், வேலைக்குப் போனவர்களும் இருப்பீர்கள். பாதியில் விட்டவர்களும் இருப்பீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் அந்த அறைக்குப் போகலாமா? எது சரி எது தவறு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதை நானே தினமும் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள், அதன் பிறகு உங்கள் குழந்தை எப்படி இருந்தது, பழையபடி ஆக எவ்வளவு நாளாயிற்று என்று எழுதுங்கள். ஆகவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். விடுமுறை முடிவதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.